மல்லாரிக்கு ஆறு தந்தி

தாத்தாவுக்கு முன்பற்கள் போனதோடு நாயனமும் போனது. சீவாளியை உதட்டில் நிறுத்தப் பல்லின் அணைப்பு வேண்டும். சிதம்பரத்தில் ஓய்ந்து உட்கார்ந்திருந்தவர், கடலூரில் கிளாசிக்கல் கிட்டார் பழகிக்கொண்டிருந்த என்னை ஒருநாள் போனில் கூப்பிட்டுக் கேட்டார்: “அதுல மல்லாரி வருமாடா?”

வரும்னு சொல்லிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஒரு வாத்தியத்தின் இசையை இன்னொன்றுக்கு மாற்றுவது கிட்டார்காரர்களுக்குப் பழகிய வேலைதான். பாக் தன் வயலின் பார்ட்டிட்டா ஒன்றை லூட்டுக்குத் தானே மாற்றி எழுதினார். அவருடைய இன்னொரு வயலின் படைப்பான சக்கோனை, செகோவியா 1935-இல் பாரிஸில் கிட்டாரில் வாசித்தார். நம் பக்கத்தில் வாத்தியமே இடம் மாறியது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். வயலினில் மெட்டு கிடையாது, விரல் எங்கு வேண்டுமானாலும் வழுக்கும். அதனால் அது நம்மோடு ஒட்டிக்கொண்டது. மெட்டு வைத்த மாண்டலினை அடக்க யு. சீனிவாஸுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு வாசித்தார். என் கையில் இருந்ததோ நைலான் தந்தி. இழுத்தால் அரைச்சுரம் ஏறுவதே பெரும்பாடு, அடித்த ஒலியும் சில நொடிகளில் செத்துவிடும்.

மல்லாரிக்கு சாகித்யம் கிடையாது. சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரமும் தவிலும் வாசிப்பது, பெரும்பாலும் கம்பீர நாட்டையில். ச, க, ம, ப, நி, அவ்வளவுதான் சுரங்கள். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரான நடராஜரே தேரேறி வீதிக்கு வருகிறார். அந்த ஊர்க்காரருக்கு மல்லாரி என்றால் அது காது கேட்கிற விஷயம் மட்டுமில்லை, கால் அறிந்த விஷயம்.

சுருதியில் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பாரி நாயனத்தின் சுருதி சுமார் இரண்டு, இரண்டரைக் கட்டை. கிட்டாரின் ஆறு தந்திகளையும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சேர்த்தால், இரண்டு கட்டையில் அப்படியே ச-ப-ச-ம-ப-ச! ஒரு தந்தியும் ராகத்துக்கு வெளியே இல்லை. இந்தச் சேர்க்கையை 1960-களின் தொடக்கத்தில் பிரபலமாக்கியவர் இங்கிலாந்தின் டேவி கிரஹாம், அதுவும் மொராக்கோவில் ஊத் இசையோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது. இன்னொரு வாத்தியத்துக்காகக் கண்டெடுத்தது எனக்கு ஒத்து ஊதியது.

கஷ்டம் முதல் காலத்தில்தான். ஒரே சங்கதியை மூன்று காலத்திலும் வாசிக்க வேண்டும். வேகத்தில் கிட்டார் ஜமாய்க்கும். விளம்பத்தில் நாயனக்காரர் மூச்சை அடக்கி ஒரு காந்தாரத்தை நிறுத்தி வளர்ப்பார். என் காந்தாரம் அதற்குள் காணாமல் போயிருக்கும். டாரெகா ‘அல்ஹாம்ப்ரா நினைவுகள்’ படைப்பில் செய்ததுபோல ஒரே தந்தியை விரல்மாற்றி விடாமல் மீட்டிப் பார்த்தேன். இந்த உத்தி ஸ்பானியத் தோட்டத்துக்குப் பொருந்தும், தேருக்கு இல்லை.

சிதம்பரம் போய் வாசித்துக் காட்டியபோது தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். “தூறல் மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமி நடக்கலடா, நின்னுட்டாரு.”

“எப்படி தாத்தா நடக்கும்? சத்தம் நிக்க மாட்டேங்குதே.”

“அதை ஏன் நிறுத்தப் பாக்கற? தவிலுக்கு இடம் விடு.”

அன்றைக்குத்தான் என் தப்பு புரிந்தது. நான் நாகஸ்வரத்தை மட்டும் கிட்டாருக்குள் திணிக்கப் பார்த்தேன். மல்லாரி இரண்டு வாத்தியங்களின் பேச்சு. ஒலி அணைகிற இடைவெளியில் கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் அடி வைக்கலாம், பலகையில் தட்டலாம். காந்தாரத்துக்கு நேராக மெட்டைப் பிடிக்காமல் கீழிருந்து வழுக்கி ஏறலாம். மெட்டு தரும் காந்தாரம் அவருடையதைவிட ஒரு மயிரிழை கூடுதல். விரலால் தந்தியைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் கொஞ்சம் தணியும். சம்பிரதாயவாதிகள் இதைக் கலப்படம் என்பார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை, வாசித்த மனிதர் எதிரில் இருக்கிறார்.

ஏழு மாதம் ஆயிற்று. இரண்டாம் முறை வாசித்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை. முதல் காலத்தில் தாளம் போட்ட கை, இரண்டாம் காலத்தில் நின்றது. மடியில் இல்லாத நாயனத்தின் துளைகளை விரல்கள் மூடித் திறந்துகொண்டிருந்தன. மூன்றாம் காலத்தை நான் தொடங்க, “மெதுவா, மெதுவா, தேர் திரும்புது” என்றார்.