சித்தப்பாவின் அம்பாசிடர் ஆயில் குடித்த கதை



கம்பத்தில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், அவருடைய அப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசிடரை மறுபடி ஓட வைத்திருக்கிறார். ஆனால் ஆயில் நிறையக் குடிக்கிறதாம். "சார், இன்ஜினை இறக்கிப் போர் வேலை பார்க்கணும்ங்கிறாங்க, செய்யலாமா?" என்று கேட்டார். நான் வரலாற்று வாத்தியார், மெக்கானிக் இல்லை. இருந்தாலும் இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு வரலாறு உண்டு.

1957-ல் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான் அதற்கு மூலம். முதலில் பக்கவாட்டு வால்வு இன்ஜின். பிறகு வந்த 1489 சி.சி. இன்ஜினில் வால்வுகள் மேலே, ஹெட்டுக்குப் போயின. நம் டாக்சி ஸ்டாண்டுகளில் நின்றவை பெரும்பாலும் இவைதான்.

வால்வு மேலே போனதும் அதற்கு ஆயிலும் மேலே போக வேண்டியதாயிற்று. அந்த ஆயில் வால்வு தண்டு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுப்பது ஒரு சின்ன ரப்பர் சீல். கீழேயிருந்து ஏறாமல் தடுப்பது பிஸ்டன் ரிங். இது இன்னும் பழைய சங்கதி. 1854-ல் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில்வே பொறியாளர் நீராவி இன்ஜினுக்காக அறிவித்த பிளவு வளையத்தின் வாரிசு அது. ஆக, ஆயில் உள்ளே போய் எரிய இரண்டு வாசல்கள். வெளியே ஒழுகுவது தனிக்கதை, அது நிறுத்திய இடத்தில் தரையிலேயே தெரிந்துவிடும்.

எழுபதுகளில் போடியில் சித்தப்பா டாக்சி ஓட்டினார். வண்டி நீலப் புகை விட்டது. சித்தியின் செயினை அடகு வைத்து ஒரு பட்டறையில் புது ரிங் போட்டார். புகை நிற்கவில்லை. பிறகு ஒரு வயதான மெக்கானிக் இன்ஜினைத் தொடவே இல்லை, "மெட்டுக்குப் போய் வருவோம்" என்றார். நானும் பின்சீட்டில் இருந்தேன். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறும்போது பெரிய புகை இல்லை. இறங்கும்போது கியரிலேயே விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். கீழே வந்து மிதித்ததும் பின்னால் குப்பென்று நீலப் புகை!

"போர் இல்லப்பா, வால்வு கைடு" என்றார். ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சும் வேகம் அதிகம். தேய்ந்த கைடு, இறுகிப்போன சீல் வழியாக ஆயிலை இழுத்துவிடுகிறது. ரிங், போர் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதே விடாமல் புகைந்திருக்கும். ஹெட்டை மட்டும் இறக்கி கைடும் சீலும் மாற்றினார்கள், புகை நின்றது. செயின் மட்டும் அடகிலேயே மூழ்கிப்போனது. சித்தி கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி, முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கட்டும். அளவு ஏறினால் ரிங், போர் பக்கம்தான் கோளாறு. அப்போதும் போரை அளக்காமல் ரிங்கை மட்டும் மாற்ற விடாதே. சிலிண்டர் மேல்பக்கம்தான் அதிகம் தேயும், அந்தப் பள்ளத்தில் புது ரிங் சரியாக உட்காராது. கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை மறைக்கவும் வேண்டாம், அது விற்கிறவன் வேலை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு போடிக்கு வா. இந்தத் தடவையும் பின்சீட்டு எனக்குத்தான்.