ஆறுமணிக் குருவி

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தைக் கழிக்க வரும் வலசைப் பறவை ஆறுமணிக் குருவி. பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் அழைப்பார்கள். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் தெற்கே கிளம்பும். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் சேரும் நாட்களில் இது தமிழகத்துப் புதர்க்காடுகளில் இடம் பிடித்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே திரும்பிவிடும்.

மைனாவைவிடச் சிறியது, குட்டை வால், நீண்ட கால்கள். முதுகு பச்சை, தொண்டை வெள்ளை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் பளிச்சென்ற நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இந்தியில் இதற்கு ‘நவரங்’ என்றே பெயர். இத்தனை வண்ணம் இருந்தும் கண்ணில் படுவது அரிது. புதரடி நிழலில் தத்தித் தத்திப் போய், அலகால் சருகைப் புரட்டி, பூச்சி, புழு, மண்புழுவைக் கொத்தும். குட்டை வால் மெல்ல மேலும் கீழும் ஆடும். இரவில் மட்டும் மரக்கிளையில் அடையும்.

விடியலிலும் அந்தியிலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரண்டே சுரத்தில் சீட்டியடிக்கும். ஒன்று தொடங்கினால் பக்கத்துப் புதரிலிருந்து இன்னொன்று பதில் தரும்.

1766-இல் லின்னேயஸ் இதைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்தார். பின்னர் தனிக் குடும்பமானது. அந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை ஆசியாவில், இரண்டே இரண்டு ஆப்பிரிக்காவில். அவற்றில் ஒன்றான ஆப்பிரிக்க ஆறுமணிக் குருவி மழையை ஒட்டி இடம்பெயர்ந்து, அடர்ந்த புதர்க்காட்டில் கூடு கட்டுகிறது.

வலசைப் பயணம் இரவில். விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடியில் மோதுவதும், களைத்துப்போய் விடியற்காலையில் வீட்டுத் திண்ணையில் ஒடுங்கியிருப்பதும் உண்டு. காக்கைகள் விடாமல் துரத்தும். அப்படிக் களைத்த பறவை கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, சந்தடியில்லாமல் வைத்திருந்து, தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடலாம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இந்தப் பறவைக்கு முதல் தேவை நிழலும் சருகும். ஆனால் திருவண்ணாமலை ஊரை ஒட்டிய அண்ணாமலை மலையில் மரங்கள் குறைந்த சரிவுகளில் மண்டும் எலுமிச்சைப்புல், கோடையில் எளிதில் தீப்பிடிக்கும். நட்ட கன்றும் கருகும், சருகும் சாம்பலாகும். தன்னார்வலர்கள் பல்லாண்டாகக் கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி வருவதால் சரிவுகளில் மீண்டும் நிழல் விழத் தொடங்கியிருக்கிறது. இது பறவைக்கும் பெரிய வரவு.

உலக அளவில் அழிவு அபாயம் குறைந்த இனமாகவே இது பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆனாலும் தோட்டங்களில் உதிர்ந்த இலையைத் தினமும் கூட்டிக் கொளுத்தினால் இதன் இரை அங்கே மிஞ்சாது. மரத்தடிச் சருகை அப்படியே விட்டுவைப்பது, செலவே இல்லாமல் எந்தத் தோட்டக்காரரும் செய்யக்கூடிய உதவி.