மேஸ்திரி

மேஸ்திரி என்பது, கொத்தனார், பெரியாள், சித்தாள் ஆகியோரைத் திரட்டி, வேலையைப் பங்கிட்டு, சுவரின் தூக்கையும் மட்டத்தையும் தாமே சோதித்து, வாரக் கடைசியில் கூலியையும் பட்டுவாடா செய்கின்ற தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் சொல்லாகும். இதன் மூலம் போர்ச்சுகீசிய மொழியின் ‘மெஸ்த்ரெ’. அதுவும் ஸ்பானிய மொழியின் ‘மயெஸ்த்ரோ’வும், ‘அதிகம்’ எனப் பொருள்படும் ‘மாகிஸ்’ என்னும் பதத்தோடு தொடர்புடைய ‘மாகிஸ்தெர்’ என்ற லத்தீன் சொல்லினின்று உற்பத்தியானவை.

ஸ்பெயினில் பள்ளி உபாத்தியாயரும் சங்கீத வித்வானும் மயெஸ்த்ரோ எனப்படுவர். போர்ச்சுகலிலோ கைத்தொழிலில் நிபுணத்துவம் அடைந்தவரும், சிறு கப்பலின் தலைவரும், கட்டட வேலையை மேற்பார்ப்பவரும் மெஸ்த்ரெ ஆவர். பதினாறாம் நூற்றாண்டு முதல் நம் கடற்கரைத் துறைகளில் வாணிகமும் சமயப் பிரசாரமும் நடத்திய அந்நாட்டாரிடமிருந்து வந்த இச்சொல், ‘பாத்ரெ’ பாதிரியானது போலவே, மெய்க்கூட்டத்தின் இடையே இகரம் ஏற்று, ஈற்று எகரமும் இகரமாகத் திரிந்து, தமிழ் நாவுக்கு இசைந்தது.

தென்னிந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் தம் வீட்டுச் சமையற்காரரையும் தையற்காரரையும் இப்பெயரால் அழைத்ததை 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி பதிவு செய்கிறது. ஆயின், பர்மாவுக்கு ஏழைகளைத் திரட்டிச் சென்று, முன்பணத்தால் அவர்களைப் பிணைத்து வேலை வாங்கிய ஆள்பிடி முறைக்கும் இதே பெயர் வழங்கியது. வித்தையால் வந்த கௌரவம் கடனால் வந்த அதிகாரமாகத் திரிந்தது இச்சொல்லின் சரித்திரத்தில் துயரமான அத்தியாயம் என்றே கூறவேண்டும்.

தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தோற்றுவித்த மறைமலை அடிகளின் பெயர் பூண்ட மறைமலை நகரிலும் இச்சொல்லே அன்றாட வழக்கு. அடிகள் 1876-இல் அவதரித்த நாகப்பட்டினமும் 1658 வரை போர்ச்சுகீசியர் வசமிருந்த துறைமுகமே. மறைமலை நகர் முதல் ஒரகடம் வரை ஆலைகளும் குடியிருப்புகளும் எழும்பும் பிரதேசத்தில், வங்கம், பீகார், ஒடிசா ஆகிய மாநிலத்தாரும் தமிழரோடு உழைக்கின்றனர். வங்காளியிலும் இந்தியிலும் இதே மூலத்தினின்று வந்த ‘மிஸ்திரி’ என்பது மேற்பார்வையாளரையன்றித் தச்சர், இயந்திரம் பழுதுபார்ப்பவர் முதலிய கைவினைஞரையே குறிக்கும். தமிழர் கொத்தனார் என்பவரை அவர்கள் ‘ராஜ்மிஸ்திரி’ என்பர்.