பொமொடோரோ முறை

பொமொடோரோ முறை: வேலை நேரத்தை 25 நிமிடத் துண்டுகளாகப் பகுத்துக்கொள்ளும் நேர மேலாண்மை உத்தி. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது உருவாக்கியது. படிப்பில் மனம் ஊன்றாமல் தவித்த அவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை முடுக்கி வைத்துப் படித்தார். தக்காளிக்கு இத்தாலிய மொழியில் ‘பொமொடோரோ’ என்று பெயர்.

ஒரு துண்டு முடிந்ததும் சுமார் 5 நிமிட ஓய்வு. நான்கு துண்டுகளுக்குப் பின் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. துண்டை உடைக்கக் கூடாது என்பதே இதன் கடுமையான விதி. பாதியில் எழுந்துவிட்டால் அது கணக்கில் சேராது. நினைவில் குறுக்கிடும் வேறு வேலையைத் தாளில் குறித்துவிட்டுத் தொடர வேண்டும். தொலைபேசியில் அழைப்பவரிடம் பிறகு பேசுவதாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாறு துண்டுகளுக்கு மேல் கேட்கும் வேலையைச் சிறு வேலைகளாகப் பிரித்துக்கொள்வர். செலவான துண்டுகளை எண்ணி வைத்தால் அடுத்த வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று மதிப்பிடலாம். கூலி பேசும் சுயதொழிலாளருக்கு ஓய்வைவிட இந்தக் கணக்குதான் பெரிய பயன்.

மொழிபெயர்ப்பாளர், நிரலர், வரைகலைஞர் போலத் தனித்திருந்து உழைப்போருக்கு முறை பொருந்துகிறது. மளிகைக் கடைக்காரருக்கு அவ்வளவாகப் பொருந்தாது: வாடிக்கையாளரை 25 நிமிடம் நிற்க வைக்க முடியுமா? அவர் கடை திறக்குமுன் கணக்கெழுதவோ கொள்முதல் பட்டியல் போடவோ இதைப் பயன்படுத்தலாம்.