மாவு பிசையும் மிக்ஸர் வீட்டுக்கு வந்த கதை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ரொட்டி மாவை இரும்புக் கரண்டியால் கிளறிக் களைத்த ஒருவரை 1908-இல் கண்ட ஹோபார்ட் நிறுவனப் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், அதற்கொரு இயந்திரம் செய்ய முனைந்தார். அதன் உயிர்நாடி சுழற்சியில் இருக்கிறது: பாத்திரம் அசையாது, துடுப்பு தன்னைத்தானே சுற்றியபடி, எதிர்த்திசையில் பாத்திரத்தையும் வலம்வரும். பூமி சூரியனைச் சுற்றுவதுபோல என்றாலும் திசை மட்டும் மாறும். ஓரத்து மாவும் தப்பாது. எளிமையான, அருமையான யோசனை!

முதலில் பேக்கரிகளும் கடற்படைக் கப்பல்களும் வாங்கின. 1919-இல் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு மாடல் வந்தது. எடையோ ஏறத்தாழ 29 கிலோ, விலை 189.50 டாலர். சாமானியருக்கு அது எட்டாக்கனி. 1930-இல் சன்பீம் மிக்ஸ்மாஸ்டர் மலிவாக வந்து போட்டியிட்டது. 1937-இல் எக்மண்ட் அரென்ஸ் வடிவமைத்த கிச்சன்எய்ட் கே மாடலின் வழவழப்பான உருவமே, பெரிய மாற்றமின்றி இன்றும் கடைகளில் நிற்கிறது.