பாணனுக்கு ஒரு கையறுநிலை

சங்க இலக்கியத்தைக் கற்றவர்கள் கையறுநிலை என்னும் துறையை நன்கு அறிவர். புரவலன் மாண்டபின், அவனை அண்டி வாழ்ந்த புலவரும் பாணரும் செயலற்று நின்று புலம்புவது அத்துறை. பாரி மாண்டபோது கபிலர் கலங்கினார். அதியமான் மாண்டபோது ஔவையார் கலங்கினார். அழுபவர் கலைஞர், அழப்படுபவன் தலைவன். இதுவே நாம் அறிந்த மரபு. ஆனால், யாழை ஏந்தி ஊர் ஊராகத் திரிந்த பாணன் ஒருவன் இறந்தால் அவனுக்காக அழுதவர் யார்? அவனுக்காக மன்னர் பாடிய இரங்கற் பாட்டைப் புறநானூற்றில் தேடினால் கிடைப்பது அரிது.

இம்முறை தலைகீழாக மாறிய ஒரு நாளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் தேதி, ஹைதராபாத் நகரத்தின் வீதிகளில் ஒரு பாணனுக்காக மக்கள் திரள் திரளாக நின்று அழுதனர். அவர்கள் அழுத மொழி அவனுடைய பாட்டாகவே இருந்தது. அந்தப் பாணனின் பெயர் கும்மடி விட்டல் ராவ். ஆந்திரமும் தெலங்கானாவும் அவரைக் கத்தர் என்றே அறியும். பாமர மக்களுக்கு அவர் ‘கத்தர் அன்னா’. நாம் அண்ணா என்று அழைப்பதைத் தெலுங்கர் அன்னா என்பர்.

ஹைதராபாத்துக்குத் துக்கம் புதிதன்று. துக்கத்தைக் கூடிப் பாடுவதும் புதிதன்று. 1591-இல் அந்நகரை அமைத்த முகம்மது குலி குதுப் ஷா, சார்மினார் எழுந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே பாதுஷாஹி ஆஷுர்கானா என்ற துக்க மண்டபத்தையும் எழுப்பினார். கர்பலாப் போர்க்களத்தில் உயிர் நீத்தவர்களை நினைந்து மொகரம் நாட்களில் இரங்கற் பாடல்கள் ஓதுவதற்கான இடம் அது. அரசரே தக்கனி மொழியில் மர்சியா எனப்படும் இரங்கற் பாக்களை இயற்றினார். இன்றும் ஆண்டுதோறும் பீபி கா ஆலம் என்ற சின்னத்தை ஊர்வலமாக எடுத்துச் செல்கையில், நகரத்தின் பழைய வீதிகள் அழுகையும் பாட்டும் கலந்த ஒலியால் நிறைகின்றன. பின்னாளில், தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்குகொண்ட உருதுக் கவிஞர் மக்தூம் மொஹியுத்தீன் 1969 ஆகஸ்டில் டெல்லியில் காலமானார். அவருடைய உடல் ஹைதராபாத்துக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. மாண்டவரை வீதியில் நின்று பாடி அனுப்பும் ஊர் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே கத்தரின் கதைக்குள் நாம் நுழைய வேண்டும்.

மேடக் மாவட்டத்துத் தூப்ரான் என்னும் ஊரில் எளிய தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். பொறியியல் கல்வியைத் தொடங்கி இடையில் விட்டார். 1975-இல் கனரா வங்கியில் எழுத்தரானார்; 1984-இல் அவ்வேலையையும் துறந்தார். அதற்கு முன்னரே பாட்டு அவரைப் பற்றிக்கொண்டுவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் தோன்றிய ஜன நாட்டிய மண்டலி என்னும் கலைக்குழுவின் முதன்மைக் குரலாக அவர் விளங்கினார். இடையில் வேட்டி, தோளில் ஆயர் போர்த்தும் கம்பளி, காலில் சதங்கை, கையில் ஒரு கோல் ஆகிய இவையே அவருடைய கோலம். தப்பு முழங்கும், அவர் ஓரடி பாடுவார், பின் நின்று பேசுவார், பின் ஆடுவார், குழுவினர் பல்லவியைத் திரும்ப எடுப்பர். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று கேட்பவரால் பிரித்தறிய இயலாது. அந்தத் தப்பு நம் நாட்டுப் பறையே. தமிழகத்தின் பல பகுதிகளிலும் அதற்குத் தப்பு என்ற பெயர் வழங்குகிறது அல்லவா?

அவருடைய புனைபெயரும் ஒரு வரலாற்றைச் சொல்லும். 1913-இல் அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர் தொடங்கிய கதர் கட்சியின் நினைவாக ஏற்ற பெயர் அது. உருது மொழியில் கதர் என்றால் கிளர்ச்சி. அதே வேரிலிருந்து பிறந்து ஒலி சற்றே அழுந்தும் இன்னொரு சொல்லுக்குத் துரோகி என்று பொருள். மொழிபெயர்ப்போர் தடுமாறும் இடம் இது. அவரைக் கிளர்ச்சியாளர் என்று கொண்டாடியவரும் உண்டு. துரோகி என்று வெறுத்தவரும் உண்டு. இறுதி நாள் வரை இவ்விரு பொருள்களும் அவரைப் பின்தொடர்ந்தன.

கத்தரின் முகத்தை நாடறியச் செய்தது கௌதம் கோஷ் இயக்கிய ‘மா பூமி’ என்ற தெலுங்குத் திரைப்படம். நிஜாம் ஆட்சியில் நிலக்கிழார்களை எதிர்த்துத் தெலங்கானா உழவர் நடத்திய போராட்டமே அதன் கதை. அதில் கம்பளி போர்த்துக் கத்தர் பாடும் பாட்டு இன்றும் ஊர்தோறும் ஒலிக்கிறது. ஆனால், அப்பாட்டு அவர் இயற்றியது அன்று. பண்டி யாதகிரி என்ற போராளி, 1940-களின் அந்தப் போராட்டத்தின்போதே கட்டிய பாட்டு அது. யாதகிரி அப்போராட்டத்தில் உயிர் துறந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் தொண்டையில் அப்பாட்டு மீண்டும் எழுந்தது. நாட்டுப்புறப் பாட்டின் இயல்பே இதுதான். கட்டியவன் போவான்; பாடுபவன் வருவான். பெரும்புகழ் பெற்ற கத்தரே மாண்ட ஒருவனின் பாட்டைச் சுமந்து வந்தவர்தாம்.

1985-இல் காரம்சேடு என்ற ஊரில் தலித் மக்கள் கொல்லப்பட்டதை அடுத்து அவர் தலைமறைவானார். ஐந்து ஆண்டுகள் காடுகளில் கழிந்தன. 1990-இல் அரசு கெடுபிடியைத் தளர்த்தியபோது வெளியே வந்து, பிப்ரவரி மாதத்தில் ஹைதராபாத் நிஜாம் கல்லூரி மைதானத்தில் பாடினார். அந்நகரம் அதுவரை கண்டிராத பெருங்கூட்டங்களுள் ஒன்று அன்று திரண்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. காவலருடன் நடந்த மோதல்களில் கொல்லப்பட்டோரின் உடல்களை உற்றாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே அது. மாண்டவர் செய்தது சரியா, தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மகனின் முகத்தைப் பார்த்து அழும் உரிமை தாய்க்கு உண்டு என்று அவர் வாதாடினார். அழுவதற்கும் ஓர் உரிமை வேண்டும் என்று பாடியவர் அவர்.

1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, வீடு தேடி வந்தோர் அவரைச் சுட்டனர். உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு குண்டு முதுகெலும்பருகே தங்கிவிட்டது. ஏவியவர் யார் என்பது குற்றச்சாட்டும் மறுப்புமாகவே நின்றுபோயிற்று.

இந்த இடத்தில் நம் கண்ணைக் கடல் கடந்து செலுத்துதல் பயன் தரும். கத்தர் சுடப்படுவதற்குச் சரியாக நான்கு வாரங்களுக்கு முன்னர், 1997 மார்ச் 9 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் கிறிஸ்டபர் வாலஸ் என்ற இருபத்து நான்கு வயது இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்ற பெயரில் உலகறிந்த ஹிப்-ஹாப் கலைஞர் அவர். ஹிப்-ஹாப் என்பது நியூயார்க் நகரின் ஏழைக் கறுப்பின மக்களிடையே பிறந்த கலை. தாளத்தின் மேல் பேச்சையே பாட்டாக அடுக்குவது. 1973 ஆகஸ்டு 11-ஆம் தேதி பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய ஒரு விருந்தையே அதன் பிறந்தநாளாகக் கொள்வர். ஜன நாட்டிய மண்டலி தோன்றியதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். ஒன்றையொன்று அறியாத இரண்டு ஏழைக் குடிகள், பேச்சும் தாளமும் கலந்த ஒரே வகைக் கலையை ஒரே காலத்தில் கண்டெடுத்தது வியப்பன்றோ!

வாலஸின் உடல், மார்ச் 18 அன்று அவர் வளர்ந்த புரூக்ளின் வீதிகள் வழியே கொண்டுசெல்லப்பட்டது. இரு மருங்கிலும் மக்கள் அழுது நின்றனர். ஊர்தி கடந்து சென்றதும் யாரோ அவருடைய பாட்டை உரக்க ஒலிக்கச் செய்தனர். அழுதவர்கள் ஆடத் தொடங்கினர். காவலருடன் கைகலப்பு நேர்ந்து சிலர் கைதாயினர். துக்க வீட்டில் ஆட்டமா என்று முகம் சுளித்தவர் இருந்திருக்கலாம். பறை முழங்க ஆடி முதியோரை வழியனுப்பும் நமக்கு அது விளங்காத செயலன்று.

குண்டைச் சுமந்தபடியே கத்தர் மேலும் இருபத்தாறு ஆண்டுகள் பாடினார். அரசுக்கும் நக்சலியருக்கும் இடையே தூதுரைத்தார். தனித் தெலங்கானா இயக்கத்தின் குரலானார். 2014 ஜூன் 2 அன்று அம்மாநிலம் பிறந்ததைக் கண்டார். தேர்தலைப் புறக்கணித்து வந்தவர் 2018-இல் முதன்முறையாக வாக்களித்தார். பழைய தோழமையினின்றும் விலகினார். 2023 ஆகஸ்டு 6, ஞாயிற்றுக்கிழமை, இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் உயிர் நீத்தார். ஹிப்-ஹாப் கலையின் ஐம்பதாவது பிறந்தநாளை உலகம் கொண்டாட அப்போது ஐந்து நாட்களே இருந்தன.

உடல் லால் பகதூர் விளையாட்டரங்கில் வைக்கப்பட்டது. 1990-இல் அவர் பாடிய நிஜாம் கல்லூரி மைதானம் அதற்கு அண்டையிலேயே உள்ளது. மாவட்டங்களிலிருந்து கலைக்குழுவினர் வந்தனர். தோளில் கம்பளி, காலில் சதங்கை, கையில் தப்பு என்று அவருடைய கோலத்திலேயே நின்று அவருடைய பாடல்களைப் பாடினர். மறுநாள் ஊர்வலம் புறப்பட்டது. தெலங்கானா தியாகிகளின் நினைவுச் சின்னம் நிற்கும் கன் பார்க் வழியாகவும், டேங்க் பண்ட் அம்பேத்கர் சிலை வழியாகவும் அல்வால் பகுதியை அடைந்தது. அங்கே, ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் நிறுவிய மகாபோதி வித்யாலயா பள்ளி வளாகத்தில் பௌத்த முறைப்படி அடக்கம் நடந்தது. அவருடைய நண்பரும், ‘சியாசத்’ உருது நாளிதழின் நிர்வாக ஆசிரியருமான ஜஹீருத்தீன் அலி கான், ஊர்வலத்தோடு வந்து அக்கூட்டத்திடையே மாரடைப்பால் காலமானார். நண்பனைப் பின்தொடர்ந்து உயிர்விட்ட பிசிராந்தையாரின் கதையைப் படித்த நமக்கு, இச்செய்தி ஆழமாகத் தைக்கிறது.

அடக்கத்தின்போது காவலர் துப்பாக்கி முழக்கி அரசு மரியாதை செலுத்தினர். முதலமைச்சர் சந்திரசேகர் ராவ் நேரில் வந்து அஞ்சலி செய்தார். ஒரு காலத்தில் அவரைத் தேடித் திரிந்த துப்பாக்கிகள் அன்று வானை நோக்கி வணங்கின. இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. நக்சலியர் வன்முறையில் உயிரிழந்த காவலருக்கு நாம் என்ன பதில் சொல்வது என்று கேட்டவர்கள் இருந்தனர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது; அந்தக் காவலர் வீடுகளிலும் தாய்மார் அழுதனர். அழும் உரிமை எல்லாத் தாய்மார்க்கும் உரியது என்று கொண்டால்தான், கத்தர் வாதாடியதற்கு முழுப்பொருள் உண்டாகும்.

மற்றொரு விந்தையையும் காணுங்கள். 1995-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றின் பாட்டுக்காக நந்தி விருது அளிக்கப்பட்டபோது கத்தர் அதை ஏற்க மறுத்தார். 2024 ஜனவரியில் தெலங்கானா அரசு, நந்தி விருதுக்கு மாற்றாகக் கத்தர் பெயரிலேயே திரைப்பட விருது வழங்கப்படும் என்று அறிவித்தது. 2025 ஜூனில் அவ்விருதுகள் வழங்கப்பட்டன. விருதை மறுத்தவர் பெயரே விருதாயிற்று! இதைப் பெருமை என்பதா, பாட்டின் கூர் மழுங்கிப்போவதன் அடையாளம் என்பதா? சிலையும் விருதும் ஒரு கலைஞனை அரசுக்கு உரியவனாக்கும். ஆனால் அவை பாட்டைப் பாடிவிட மாட்டா.

துக்கத்தின் அளவை ஆள் கணக்கால் எடைபோடுதல் பிழை. 1921-இல் நம் பாரதியாரின் இறுதி யாத்திரையில் இருபது பேருக்கும் குறைவானவர்களே சென்றனர் என்பர். ஆயினும் அவர் பாட்டு மாளவில்லை. அன்று வராதவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பாடுகின்றனர். கத்தருக்குப் பெருங்கூட்டம் கூடியது. எனினும் அந்நாளின் சிறப்புக் கூட்டத்தில் இல்லை. யாதகிரியிடமிருந்து கத்தர் பெற்றதை, அன்று பெயரறியாத எத்தனையோ இளைஞர் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டனர் என்பதிலேயே உள்ளது. புரூக்ளினில் ஊர்தி கடந்த பின் எழுந்த பாட்டும் அத்தகைய கைமாற்றமே.

சங்ககாலத்துக் கையறுநிலை, இனி யார் நமக்குத் தருவார் என்று ஏங்கி முடியும். இப்பாணனுக்காக அழுதவர்களிடம் அந்த ஏக்கம் இல்லை. அவர் தர வேண்டியதை முன்பே அவர்களிடம் தந்துவிட்டார். அன்று அதை அவருக்கே பாடிக் காட்டினர்.