மன்னரின் படுக்கையறையில் மருத்துவரும் மொழியும்

மன்னர் இறந்தார் என்று நேராகச் சொல்ல எந்த மொழியும் தயங்கும். பாண்டியன் ஒருவனைப் பழந்தமிழ் மரபு ‘இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்’ என்று குறித்தது. சுந்தர சோழரைக் கல்வெட்டுகள் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்றன. மலாய்மொழியில் சுல்தானுக்கு ‘மங்காட்’ என்னும் தனிச்சொல்லே உண்டு. இவையெல்லாம் உயிர் பிரிந்த பின்னர் வழங்குபவை. உயிர் பிரிந்துகொண்டிருக்கும் மன்னரின் எதிரே நிற்பவர் என்ன சொல்லைப் பயன்படுத்துவார்? பிரான்சின் பதினான்காம் லூயி 1715ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நோயுற்றுக் கிடந்த அறையில் எழுந்த வினா இதுவே என்பது என் கருத்து.

கத்தலோனிய இயக்குநர் ஆல்பர்ட் செர்ரா 2016இல் எடுத்த ‘பதினான்காம் லூயியின் மரணம்’ என்னும் திரைப்படம் அந்த அறையை விட்டுப் பெரும்பாலும் வெளியே செல்வதில்லை. போரும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. மெழுகுவர்த்தி ஒளியில் பெரிய பொய்முடி அணிந்து ஒரு முதியவர் படுத்திருக்கிறார். அவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்து விழுங்கிவிட்டால் அரசவையினர் கைதட்டுகின்றனர். முதலில் நகைப்பூட்டும் இக்காட்சி சிறிது நேரத்தில் அச்சமூட்டுகிறது. மன்னராக நடித்த ஜான் பியேர் லியோ, சிறுவனாகத் திரைக்கு வந்தவர். அந்த முகம் முதிர்ந்ததைக் கண்டவர்களுக்கு இப்படம் கூடுதலாக வலிக்கும்.

வரலாற்றுக்கு வருவோம். ஆகஸ்ட் 10ஆம் நாள் மார்லி மாளிகையிலிருந்து வெர்சாய்க்குத் திரும்பிய மன்னருக்கு இடக்காலில் கடும்வலி. முதன்மை மருத்துவர் ஃபாகோன் அதை நரம்புவலி என்றார். கழுதைப்பால் கொடுத்தனர், மூலிகை கலந்த நீரில் காலை ஊறவைத்தனர். கால் கறுத்தது. அது தசையழுகல் என்று வாய்விட்டுச் சொல்லப்பட்டபோது செய்வதற்கு எதுவும் எஞ்சவில்லை. ஃபாகோன் அறிவிலி அல்லர், தாவரவியலில் தேர்ந்தவர். ஆயினும் ‘நரம்புவலி’ என்று ஒருமுறை சொல்லிவிட்ட பின்னர் அச்சொல்லைத் திரும்பப் பெறுவது அந்த அவையில் எளிதன்று. சொல் முந்திக்கொண்டது, கண் பிந்திவிட்டது. இறுதி நாள்களில் புரோவான்சு நாட்டார் ஒருவர் கொண்டுவந்த மருந்துநீரையும் மன்னருக்குப் புகட்டினர் என்றால், மருத்துவர்கள் எவ்வளவு கையற்றுப்போயினர் என்பதை உணரலாம்.

வியப்பு என்னவெனில், அவ்வறையில் மிகத் தெளிவாகப் பேசியவர் நோயாளியே. ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனை அருகழைத்து, தாம் போரை மிகுதியாக விரும்பியதாகவும், அதில் தம்மைப் பின்பற்ற வேண்டா என்றும், அண்டை நாட்டாரோடு இணக்கமாக வாழவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். அழுத பணியாளர்களிடம், தம்மைச் சாவற்றவர் என்று எண்ணினீர்களா என்று கேட்டார்.

பாடநூல்தோறும் இம்மன்னர் ‘அரசு என்பது நானே’ என்று முழங்கியதாகப் படிக்கிறோம். அப்படி அவர் சொன்னதற்கு அக்காலச் சான்று இல்லை. தாம் போனாலும் அரசு நிலைத்திருக்கும் என்று மரணப்படுக்கையில் கூறியதையோ, அரசவையில் இருந்த டான்ஷோ எழுதிவைத்தார். ஒன்றுக்கொன்று முற்றிலும் எதிரான இரு கூற்றுகளுள் சான்றற்றதே உலகப்புகழ் பெற்றது. சேன் சிமோனின் நினைவுக்குறிப்புகள் சுவையானவை; எனினும் அவை பல ஆண்டுகள் கழித்துச் செப்பம்பெற்றவை. எனவே டான்ஷோவின் வறண்ட நாட்குறிப்பையே நான் முதலில் நாடுவேன்.

செப்டம்பர் 1ஆம் நாள் காலை, 77ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னர், 72 ஆண்டு ஆட்சி முடிந்தது. உடலை அறுத்துப் பார்த்தனர். படத்தின் இறுதியில் ஃபாகோன் உறுப்புகளை நோக்கிவிட்டு, அடுத்தமுறை இன்னும் நன்றாகச் செய்வோம் என்னும் பொருள்படப் பேசுகிறார். உண்மையான ஃபாகோனுக்கு அடுத்தமுறை வாய்க்கவில்லை. மன்னரோடு அவர் பதவியும் வழக்கப்படி முடிந்தது. மன்னர் பிறந்த அதே 1638இல் பிறந்த அவர், பாரிசில் அரச மூலிகைத் தோட்டத்திற்குத் திரும்பி, 1718இல் காலமானார்.